ரோலர் காம்பராவில் செல்லசாமி

எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராச் செல்லசாமிக்குப் பதின்மூன்று வயதில் வந்த காய்ச்சல், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பேச்சு மட்டும் மிஞ்சியது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அன்றைய வேலை போச்சு. பக்கத்தில் நிற்பவன் முழங்கையால் இடித்தால்தான் செல்லசாமி "வந்தேங்க" என்பான். இடிக்க மறந்தவர்களை அவன் பெண்சாதி காளியாயி சாயங்காலம் சும்மா விட்டதில்லை.

ஐம்பத்தெட்டில் ஒரு நாள் முற்றிய செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போனான். குனிந்தால் நிமிராத வேலைக்காரன். எல்லைப் பாதையைத் தாண்டி, கொழுந்து தளதளவென்று நின்ற அடுத்த மலைக்குள் புகுந்து, பதினாறு செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டான். கங்காணி தொண்டை கிழியக் கத்தினார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அதை அன்று அங்கே கொழுந்து பறிக்க வந்த நான் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்துத் துரைக்கு வரவில்லை. மாசக் கடைசிக்குள் ஏற்ற வேலை கிடைக்காவிட்டால் ஆள் பேர்ப் பதிவான செக்ரோலில் அவன் பேரை வெட்டிவிடச் சொல்லிவிட்டார்.

"நாட்டுலதான் பிரஜாவுரிமை இல்லேன்னு நம்ம பேர வெட்டிட்டானுங்க. தோட்டத்துலயும் இல்லாம போனா மனுசன் என்னத்துக்கு ஆவான்?" என்று காளியாயி அழுதாள். அழுதுகொண்டே வேலை தேடவும் கிளம்பினாள். சங்கத் தலைவர் பொன்னையா, ஊனமானவர்களுக்கு உதவுகிற ஆட்கள் கொழும்பில் இருக்கிறார்களாம் என்று ஒரு மனு எழுதிப் போட்டார். நல்ல மனிதர். பதில்தான் வரவில்லை. மாட்டுப்பட்டியில் கேட்டாள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் கேட்டாள். எல்லோரும் பாவம் என்றார்கள். பாவத்தை வைத்து என்ன செய்வது?

மாசம் முடிய எட்டு நாள் இருக்கும்போது கொழுந்து லொறி சேற்றில் புதைந்தது. நாங்களே சாக்குகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, தேயிலை செய்கிற ஸ்டோருக்குப் போனோம். கொழுந்து அரைக்கிற ரோலர் காம்பராவின் வாசலில் காளியாயி நின்றுவிட்டாள். உள்ளே பேச்சுக் கேட்காத இரைச்சல். ஆட்கள் ஒருவருக்கொருவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அழுத்தத்தைக் குறை, முஷ்டி பிடித்தால் நிறுத்து. அவள் சாக்கைக் கீழே போட்டுவிட்டு நேரே ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் கனகலிங்கத்திடம் போனாள். யாழ்ப்பாணத்தார், தொப்பை பெரிது, கோபம் அதைவிடப் பெரிது.

"காது கேளாத ஆளை மெஷினுக்குக் கிட்ட விடேலாது. போ, போ" என்றார்.

"ஐயா, உள்ளுக்க நீங்க கத்துறது யாருக்குக் கேக்குதுங்க?"

அவர் திரும்பி ரோலர் காம்பராவைப் பார்த்தார். பிறகு, "மூண்டு நாள் பாப்பம்" என்றார்.

கையால் பேசுவதில் செல்லசாமிக்கு யார் பாடம் சொல்ல வேண்டும்? புருஷனும் பெண்சாதியும் எட்டு வருஷமாகச் சண்டை போடுவதே கையால்தான். அவன் கண் யார் கையையும் தவறவிடாது. இரண்டாம் நாளே மற்றவர்கள் அவனுடைய சைகைகளைப் பிடித்துக்கொண்டார்கள்; காதை இரண்டு விரலால் தொட்டால் செல்லசாமி என்று அவனுக்கும் கையால் ஒரு பேர் வைத்தார்கள். மூன்றாம் நாள் கனகலிங்கம் உள்ளே வர, எல்லாக் கைகளும் வயிற்றுக்கு முன்னால் ஒரு பெரிய வட்டம் போட்டன. ஒருவரைப் பிடித்து வெளியே இழுத்துப்போய், என்னவென்று கேட்டார்.

"அது... ஐயா வர்றாருன்னு அர்த்தங்க. செல்லசாமி சொல்லிக்குடுத்ததுங்க."

காளியாயியிடம் இந்தச் செய்தி வந்தபோது அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அன்று அவர்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை. கிறுக்கன், வலிய வந்த சீதேவியைக் காலால் உதைத்துவிட்டானே என்று எனக்கும் ஆத்திரம்.

மறுநாள் காலை நாங்கள் ஸ்டோருக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். ஸ்டோர் வாசலில் கனகலிங்கம் பேர்ப் புத்தகத்தோடு நின்று பேர் கூப்பிட்டார். கடைசிப் பேருக்கு வந்ததும் நிறுத்தினார். நேரே செல்லசாமியைப் பார்த்து, தன் காதை இரண்டு விரலால் தொட்டுக் காட்டினார். யாரும் அவனை இடிக்கவில்லை.

"வந்தேங்க!"

தேயிலைக்குள் இருந்த குருவிகள் எழும்பிப் பறந்தன. காளியாயி கூடையோடு அப்படியே நின்றாள். கண்ணீர் கன்னத்தில் ஓடியது.

"கேட்டுச்சாடி?" என்றாள்.

"மலை முழுக்கக் கேட்டுச்சு" என்றேன்.