ழகரத்தின் அடிக்கோடு

கல்லூரி நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களை உரோம எழுத்தில் பதிவது பல வருடங்களாக என் வேலை. அதைக் கேள்விப்பட்டு குருநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாயின் கல்லறையில் 'எங்கள் வழித்துணை' என்று பொறிக்கப் போகிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காக அதன் கீழே உரோம எழுத்திலும் வேண்டுமாம். பெருமையோடு எழுதிக் கொடுத்தேன். ழகரத்துக்கு l போட்டு, அடியில் சிறு கோடு: ḻ. கோடு இல்லாவிட்டால் அது லகரம்.

ஒரு கிழமை கழித்துக் கல் வெட்டுபவர் தொலைபேசியில் அழைத்தார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"மிஸ், ஒரு எழுத்துக்குக் கீழை கோடு கிடக்கு. பேனை இழுபட்டதோ?"

எந்த எழுத்து என்றுகூட நான் கேட்கவில்லை. "ஓம் அண்ணை, அதை விட்டிட்டு வெட்டுங்கோ" என்று வைத்துவிட்டேன்.

நினைவு நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கனடாவிலிருந்து வந்த பேத்தி குனிந்து கல்லிலிருந்த உரோம வரியை வாசித்தாள். பல்கலைக்கழகத்தில் இந்த எழுத்து முறையைப் படித்தவள்.

"எங்கள் வலித்துணை... வலி எண்டா நோவெல்லோ? அம்மம்மாவை ஏன் அப்பிடிப் போட்டிருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் சரியாத்தான் எழுதிக் குடுத்தனான். வெட்டினவர்தான் கோட்டை விட்டிட்டார்" என்றேன்.

கல் வெட்டுபவர் எனக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மூத்த மகனிடம், "பிழை என்ரைதான் ஐயா. பின்னேரம் வெட்டித் தாறன்" என்றார்.

மறுநாள் அவருடைய பட்டறைக்குப் போனேன்.

"ஏன் அண்ணை, நான் சொன்னதை நீங்கள் அவையளுக்குச் சொல்லேல்லை?"

"சனத்துக்கு முன்னாலை உங்களோடை சண்டை பிடிக்கிறதே மிஸ்? சின்னக் கோடு, வெட்டியாச்சு." கல்லிலிருந்து தூசியை ஊதினார். "அவையின்ரை தகப்பன்ரை கல்லும் எனக்குத்தான் தாறதெண்டு சொன்னவை. இப்ப வேறை ஆளிட்டைக் குடுத்திட்டினம்."

"நான் போய் உண்மையைச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ" என்றார், நிமிராமல்.

அங்கிருந்து நேரே குருநகருக்குப் போனேன். மூத்த மகன் கதிரை இழுத்துப் போட்டார். பேத்தி தேநீர் கொண்டுவந்தாள். "நீங்கள் இல்லாட்டி அந்தாள் அப்பிடியே விட்டிருப்பான் மிஸ். கவனமில்லாத ஆள்" என்றார் அவர். நான் வாயைத் திறந்தேன். தேநீர் சூடாக இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். இன்றுவரை சொல்லவில்லை.