தாளில் இல்லாத கறிவேப்பிலை

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. வாசல் மதிலை ஒட்டிக் கறிவேப்பிலை மரம். தெருவில் பாதி வீட்டுக் குழம்புக்கு அந்த மரம்தான் பொறுப்பு. காய்கறிக் கடையிலேயே கொசுறாகக் கிடைக்கிற சாமான், அதற்குப் போய் யாராவது சண்டை போடுவார்களா? நான் போட்டேன். போன வருடம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு போனதைப் பார்த்ததும் எனக்கு மண்டை சூடேறிவிட்டது. நடுத்தெருவில் நின்று கத்தினேன். மறுநாள் "கேட்டுப் பறிக்கவும்" என்று அட்டையில் எழுதி மரத்தில் கட்டினேன்.

"கேட்டா இல்லன்னா சொல்லப் போறீங்க? அப்புறம் எதுக்கு போர்டு?" என்றாள் மனைவி.

ஒரு மரியாதைக்கு என்றேன். அதன் பிறகு ஒருவரும் வந்து கேட்கவில்லை. அக்கா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். யாரும் கேட்கவில்லை என்றால் யாரும் பறிக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று மகா புத்திசாலியான நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வருடம் இலையெல்லாம் சுருண்டு, அடிப்பக்கம் பூச்சி மொய்த்தது. மாடித் தொட்டியில் இருக்கும் ரோஜாவுக்கு அடித்தது போக மிச்ச மருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் இருந்தது. உரக்கடைக்காரர் பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தது. "லூஸ்ல குடுக்கக் கூடாதுன்னு ரூல் சார். நாலு தொட்டிக்கு முழு கேன் வாங்கி என்னா பண்ணப் போறீங்க?" என்று எனக்கு நல்லது செய்தார். பாட்டிலில் மருந்தின் பெயரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் அதைத் தண்ணீரில் கலந்து கறிவேப்பிலை மரம் முழுக்க அடித்தேன்.

"ஏங்க, தெருவுல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"யாரு பறிக்கிறா? அதான் போர்டு இருக்குதே."

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் மதிலுக்கு வெளியே தொங்கிய கிளையில் இரண்டு கொத்து காணோம். ஒடித்த இடம் ஈரம் காயவில்லை. அக்காவின் மகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவளுக்குத் தினமும் கறிவேப்பிலைத் துவையல் என்று மனைவி சொல்லியிருந்தாள். தாளித்துப் போட்டதென்றால் பொறுக்கித் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிடலாம். துவையலில் எதைப் பொறுக்குவது?

வீடு வீடாகப் போனேன். எல்லாரும் இல்லை என்றார்கள். அக்கா வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன், முகம் பார்க்கக் கூச்சம்.

"அக்கா, மரத்துக்கு மருந்து அடிச்சிருக்கேன். பறிச்சிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, அரைக்காதீங்க."

"உன் மரத்த யாரு தொட்டா? போர்டு போட்டதிலேர்ந்து அந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல. எங்களுது மார்க்கெட்ல வாங்கினது. திருடின்னு சொல்லத்தான் காலங்காத்தால வந்தியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா. பாப்பாவுக்காகத்தான்..."

"என் பொண்ண பாத்துக்க எனக்குத் தெரியும்."

கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே மிக்ஸி ஓடியது. வாசலில் நின்று அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டேன். உள்ளே புகுந்து பிடுங்கவா முடியும்?

அங்கிருந்து நேராக உரக்கடை. அடித்தால் எத்தனை நாளைக்குச் சாப்பிடக் கூடாது என்று கேட்டேன்.

"ரோஜாவுக்குத்தான கேட்டீங்க? கறிவேப்பிலைன்னு சொல்லவே இல்லியே சார்" என்று கடைக்காரர் திகைத்தார். கேனோடு வந்த தாளை எடுத்துக் கொடுத்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. நெல், பருத்தி, மிளகாய், கத்தரி. ஒவ்வொன்றுக்கும் அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருந்தது. கறிவேப்பிலை இல்லை. தமிழ்நாட்டில் அது விழாத சட்டி கிடையாது, அந்தத் தாளில் மட்டும் அப்படி ஒரு பயிரே கிடையாது.

"எனக்குக் குடுத்தது இந்த மருந்துதானே?"

"இதுதான்னு நெனைக்கிறேன் சார். அன்னிக்கு ரெண்டு கேன் திறந்திருந்துது" என்றார்.

அவரைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு திட்டுவது? ரூலைச் சொல்லித்தானே கொடுத்தார், நானும் கேட்டுக்கொண்டுதானே வாங்கினேன். வேளாண்மை ஆபீசுக்குப் போன் போட்டேன். வீட்டுத் தோட்டமென்றால் எங்கள் செக்ஷன் இல்லை என்று வேறு நம்பர் கொடுத்தார்கள். அங்கே எடுத்தவர், "சார் பௌர்ணமி கிரிவல டியூட்டில இருக்காருங்க. திங்கக்கிழமை பண்ணுங்க" என்றார்.

சனிக்கிழமை காலையில் அந்தப் பெண்ணுக்கு ஓயாத வாந்தி. கிரிவலக் கூட்டம் வடியாத சாலையில் அவளை ஏற்றிய ஆட்டோ ஊர்ந்து போனது. பாட்டிலையும் தாளையும் எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க அந்த இலையைத் தொடவே இல்லன்னு சொல்றாங்க. நீங்க மருந்து பேரும் உறுதியாத் தெரியலன்னு சொல்றீங்க. நான் என்னன்னு எடுத்துக்கறது?"

அக்கா வராந்தாவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ண வெச்சு என்னாத்துக்கு கத கட்டுற? போயிடு, அவ்வளவுதான் மரியாத!" சாயங்காலம் டிரிப்ஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெருவில் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை கோடாலியை எடுத்தேன். இந்த விவகாரத்தில் என் பேச்சைக் கேட்கக்கூடியது அந்த மரம் ஒன்றுதான். பூச்சி, இலை, போர்டு எல்லாமாகச் சாய்ந்து விழுந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த அக்கா தெருவையே கூப்பிட்டார்.

"பாத்தீங்களா இந்த அநியாயத்த! ரெண்டு கொத்து ஒடிச்சதுக்கு மரத்தையே வெட்டிட்டாரு மகராசன்!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அவருக்கே உறைத்துவிட்டது.

"எப்பக்கா ஒடிச்சீங்க?" என்றேன். எனக்குக் கத்த வரவில்லை.

"வெள்ளிக்கிழமை, விடியக்காலம்." குரல் அடங்கிவிட்டது. "கேட்டா நீ என்னா சொல்லுவியோன்னுதான்..."

அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"மாமா, நீங்க அடிச்சது என்னா மருந்து? குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

சட்டைப் பையில் தாள் இருந்தது. எடுத்து விரித்தேன். நெல், பருத்தி, மிளகாய், கத்தரி. மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.