மைதானத்தில் உடைந்த பூசணிக்காய்

எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மூக்கின் மேல் கோபம். அப்பாவுக்கு அது வாயோடு போய்விடும். மாநில அரசு வேலையில் இருந்தவர், மேலதிகாரி முன்னால் விழுங்கியதை எல்லாம் வீட்டில் வந்து கொட்டுவார். எனக்கும் வாய்தான். தம்பிக்கு மட்டும் கோபம் கைக்கு வரும். வாயைத் திறப்பதற்குள் கை ஓங்கியிருக்கும். பெங்களூர் ஜோகுபாளையத்தில் அப்பா கட்டிய வீட்டின் கீழே அவன் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தான். மேலே அவன் குடும்பம். மொட்டை மாடியில் ஒற்றை அறையில் நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் அப்பாவைப் போல அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

அந்த வீட்டின் மேல்தான் மெட்ரோ ரயில்காரர்கள் தங்கள் வரைபடத்தில் ஒரு நீலக் கட்டம் போட்டார்கள்.

முதல் கருத்துக் கேட்புக் கூட்டம் பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் திரை கட்டி, பூமிக்கடியில் வரப்போகும் புதிய பாதையைக் காட்டினார்கள். நீலக் கட்டம் என்றால் நிலையத்தின் வாசலாம். வாசல் வரும் இடத்தில் யார் வீடு இருக்கிறது என்பது படத்தில் இல்லை. நான் பிறந்து வளர்ந்த இடத்தை எவனோ ஒருவன் ரப்பரால் அழித்துவிட்டு அதன் மேல் நீலம் பூசியிருந்தான். மேடையேறி அந்தத் திரையைக் கிழித்து எறியத்தான் எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி அன்றைக்கு ஆச்சரியமாக நிதானமாகப் பேசினான். எங்கள் தெருவுக்கு அடியில் ஒரு காலத்தில் குட்டை இருந்தது, மண் கொட்டி மேடாக்கித்தான் வீடுகள் கட்டினார்கள், இன்றைக்கும் மழைக்காலத்தில் என் கடைத் தரையில் ஈரம் கசிகிறது, இங்கே தோண்டினால் தெருவே உட்கார்ந்துவிடும், கட்டம் போடுவதற்கு முன் மண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று கன்னடத்தில் சொன்னான். கூட்டத்தை நடத்திய அதிகாரி ஓர் இளம்பெண். "நோட் மாட்கொண்டிதீனி, சார்" என்றாள்.

குறித்துக்கொண்டேன் என்று அர்த்தம். ஆயுசில் பாதியை அரசு அலுவலகத்தில் கழித்த எனக்கு அந்த வார்த்தையின் மதிப்பு தெரியும். ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புவதற்குச் சொல்கிற வார்த்தை அது. வரும் வழியில் தம்பியிடம் அதையே சொன்னேன், காதில் பூ சுற்றுகிறார்கள் என்று. அவன் கடை ஷட்டரை இழுத்த இழுப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. வண்டி விட வருகிறவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தான். தெருவை அளக்க ஒரு ஆள் டேப்போடு வந்தபோது, அந்த டேப்பைக் கையில் சுற்றி இழுத்து, தகரம் வெட்டும் கத்திரியால் துண்டு துண்டாக வெட்டிச் சாக்கடையில் போட்டான். அந்த ஆள் தன் பைக்கில் ஏறப் போனதும் பின்னாலேயே போய் இருக்கையில் எட்டி உதைத்தான். ஆளும் வண்டியும் சேர்ந்து விழுந்தார்கள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. அக்கம்பக்கத்தார் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீடு போய்விடும் என்ற பயம் ஒரு மனிதனின் உடம்புக்குள் புகுந்தால் அது எந்த வழியாக வெளியே வரும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் மனைவி அவனுடைய பேன்ட் பாக்கெட்டுகளைத் தடவிப் பார்த்து, ஸ்பானர் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அனுப்பி வைத்தாள். மண்டபத்தில் இரும்பு மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதே பெண் அதிகாரி மைக்கைப் பிடித்து எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். போன கூட்டத்தில் நீங்கள் சொன்னதைப் பற்றித்தான் முதலில் பேசப் போகிறேன் என்று ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எதிர் வீட்டுக்காரி மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"இங்க குந்திகினு இன்னா கேக்கறீங்க? அங்க மைதானத்துல பூசணிக்கா ஒடச்சு குத்தலி பூஜையே முடிச்சிட்டானுங்க. மெஷினு நிக்குது."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பெங்களூரில் எந்த வேலையும் குத்தலி பூஜை இல்லாமல் தொடங்காது. தெருவுக்குச் சாக்கடை கட்டுவது என்றாலும் எம்எல்ஏ வந்து மண்வெட்டிக்குப் பொட்டு வைத்து, நாலு கொத்து கொத்துவார். தேங்காய் உடைத்துப் பூசணிக்காய் சுற்றியாயிற்று என்றால் பேச்சுவார்த்தை முடிந்தது, கையெழுத்து ஆயிற்று, இனி யார் சொன்னாலும் நிற்காது என்று பொருள். மேடையில் கருத்துக் கேட்டுக்கொண்டே மைதானத்தில் பூஜையை முடித்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண் மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. யாரோ ஒரு நாற்காலியை மேடைக்கு வீசினார்கள். அது அவள் தோளில் பட்டு, திரையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

மண்டபமே எழுந்து ஓடியது. தம்பி எனக்கு முன்னால் ஓடினான். அவன் கையில் அவன் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலி இருந்தது. அதை மடக்கி எடுத்தானா, எழுந்த வேகத்தில் கையோடு வந்ததா, அவனுக்கே தெரியாது என்று பிறகு சொன்னான்.

தெருக் கோடியில் இருக்கும் மைதானத்தில் போர்வெல் லாரி மாதிரி ஒன்று நின்றது. சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சை. முன்னால் குங்குமம் பூசிய பூசணிக்காய் நாலாகச் சிதறிக் கிடந்தது. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மெஷின் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் நடுவயதுக்காரர், மஞ்சள் ஹெல்மெட் போட்டு, சூடம் காட்டிய தட்டைக் கையில் வைத்திருந்தார். எங்களைப் பார்த்து, பிரசாதம் வாங்க வருகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, தட்டை நீட்டினார்.

தம்பி நாற்காலியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி அடித்தான். முதல் அடியில் ஹெல்மெட் பறந்தது. இரண்டாவது அடி முகத்தில். இரும்பு எலும்பில் படுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் முட்டி போட்டு விழுந்து ஏதோ கத்தினார். தம்பி கெட்ட வார்த்தையால் திட்டிக்கொண்டே மறுபடி அடித்தான். நாற்காலியின் கால் வளைந்தது. வளைந்த காலாலேயே அடித்தான். கூட வேலை பார்த்தவன், கறுத்து ஒல்லியான ஆள், விழுந்தவர் மேல் குப்புறப் படுத்து மறைத்துக்கொண்டான். அவன் முதுகிலும் அடி விழுந்தது. மற்றவர்கள் மெஷின் மேல் ஏறி ரப்பர் குழாய்களைப் பிடுங்கினார்கள், கண்ணாடியை உடைத்தார்கள். நான் பூசணித் துண்டு ஒன்றை எடுத்து லாரியின் முகப்பில் வீசினேன். விதையும் சதையும் வழிந்தது. தரையில் எது குங்குமம், எது ரத்தம் என்று தெரியவில்லை.

போலீஸ் வந்து வெளுத்தது. ஆண், பெண், வயது என்று பார்க்கவில்லை. எதிர் வீட்டுக்காரரின் மணிக்கட்டு முறிந்தது. என் முதுகில் விழுந்த லத்தி அடியின் வரி ரொம்ப நாள் போகவில்லை, படுத்தால் வலிக்கும். தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்துப்போனார்கள். அவன் ஒரு செருப்போடு போனான்.

ஸ்டேஷனில் அந்தப் பெண் அதிகாரி தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளே எழுந்து வந்து கன்னடத்தில் சொன்னாள். அது சுரங்கம் தோண்டும் மெஷின் இல்லையாம். துளை போட்டு மண் எடுத்துப் பார்க்கும் மெஷினாம். உங்கள் தம்பி போன கூட்டத்தில் கேட்டதற்காகத்தான் மேலே எழுதி, சண்டை போட்டு, அதை வரவழைத்தேன், மண் மோசமாக இருந்தால் வாசலைச் சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றுவதாக இருந்தது, இன்றைக்கு முதல் செய்தியே அதுதான் என்றாள். பூசணிக்காய்? அந்த ஆட்கள் எங்கே துளை போட்டாலும் உடைப்பார்களாம். மெஷினுக்குக் கண் படாமல் இருக்க. அது அவர்கள் வழக்கம்.

கம்பிக்குப் பின்னால் நின்ற தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான், ஒரு முறை அல்ல. உள்ளே இருந்த போலீஸ்காரர் அவனைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார். நாம் சொன்னதை ஒருவர் கேட்டிருப்பார் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது, என் மேலும் வந்தது, பெரும் சத்தியசந்தர்களைப் போலச் சொன்னபடி செய்துவிட்ட அந்த ரயில்காரர்கள் மேலும் வந்தது.

ஜாமீன் கிடைக்கவில்லை. அடிபட்டவருக்கு ஒரு கண் போய்விட்டது, தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அவர் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டு, தனக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னால்தான் தம்பியை வெளியே கொண்டுவரப் பார்க்கலாம் என்று வக்கீல் சொன்னார். யார் போய்க் கேட்பது? தம்பி மனைவிக்கு அழுகைதான் வரும். வாய் உள்ளவள் நான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவரும் தமிழர், திருச்செங்கோட்டுப் பக்கம் என்று விசாரித்து வைத்திருந்தேன். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நம்ம ஆள், பேசிவிடலாம் என்று நினைத்தேன். தம்பி மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டாள்.

கட்டிலில் அவர் முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் அவரால் பேச முடியாது. மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியான அந்த இன்னொரு ஆள் கஞ்சியை ஆற்றி, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் யார் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வீடு போய்விடும் என்ற வெறியில் நடந்துவிட்டது என்றேன். பிறகு, எது அவர்கள் மனதை இளக்கும் என்று நம்பி வந்தேனோ அதைச் சொன்னேன்.

"நீங்க தமிழ்க்காரங்கன்னு அவனுக்குத் தெரியாதும்மா. யாரோ வடக்கத்திக்காரன்னு நெனச்சிட்டான். நம்ம ஆளுன்னு தெரிஞ்சிருந்தா கை வெச்சிருக்க மாட்டான்."

அந்த அம்மா கணவரின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துணியால் ஒற்றி எடுத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"உட்டுருங்க சாமின்னு இவரு தமிழ்லதானுங்க கத்துனாராம். செரி, அது காதுல உழுகலைன்னே வெச்சுக்குவோம். இந்தா நிக்கிறானே, இவன் ஒடிசாக்காரனுங்க. மேல உழுந்து மறைச்சானில்ல, அதனாலதான் இவரு உசுரோட கெடக்கறாரு. ஒங்க தம்பி இவனைக் கொன்னிருந்தா, ஒங்களுக்கு அது செரியாப் போயிருக்குங்களா?"

தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று மட்டும் அவனுக்குப் புரிந்தது. கஞ்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்து என் முன்னால் போட்டான். குனிந்தபோது சட்டை மேலேறியது. இடுப்பிலிருந்து முதுகு வரை ஊதா நிறத்தில் நாற்காலிக் காலின் தடம். இந்தியில் உட்காரச் சொன்னான்.

என்னால் உட்கார முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் தம்பி மனைவி ஓடி வந்து, ஒப்புக்கொண்டார்களா என்று கேட்டாள். நான் கேட்கவே இல்லை என்றேன். ஏன் என்றாள். கேட்கிற யோக்கியதை நமக்கு இல்லை என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்கப் பார்க்க அவள் என்னைக் கன்னத்தில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். நான் தடுக்கவில்லை. அவளுக்குக் கை ஓய்ந்ததும் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் அதிலேயே வீட்டுக்கு வந்தோம்.