துலாபாரத்தில் மிஞ்சிய அரிசி

நான் இருக்கும் வீட்டில் ஒரு சமையலறைத் தராசு உண்டு. தட்டையான கண்ணாடிப் பலகை, தொட்டால் நீல நிறத்தில் எண் ஒளிரும். என்னோடு அந்த வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் கிளாரா என்ற ஜெர்மன் பெண், தினமும் மாலையில் பாஸ்தாவை அதில் நிறுத்துத்தான் உலையில் போடுவாள். ஒன்றிரண்டு துண்டு கூடிவிட்டால் பொறுக்கி எடுத்து மறுபடி பொட்டலத்தில் போட்டுவிடுவாள். ஓர் ஆளுக்கு, ஒரு வேளைக்கு இவ்வளவுதான். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அம்மா படியால் அரிசி அளப்பாள். அளந்து முடித்ததும் ஒரு கை அள்ளிக் கூடப் போடுவாள். யாருக்கு என்று கேட்டால், "யாராச்சும் வருவாங்க" என்பாள். கிளாராவின் சமையலில் யாரும் வந்துவிட முடியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படிச் சிரித்த நான், கொஞ்ச காலத்தில் அந்தத் தராசை அவளைவிட அதிகமாக எடுக்கத் தொடங்கினேன். ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல் பெட்டி கட்டிக்கொண்டு படிக்கக் கிளம்பிய பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீர் மேலாண்மை படிக்க ஜெர்மனிக்கு வந்தவள் நான். ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்த பெண் வேறு எதைப் படிப்பாள் என்று ஊரில் கேலி செய்தார்கள். முதல் குளிர்காலத்தில் எனக்கு இந்த நாட்டில் தெரிந்த ஒரே சூடு, சாப்பாடுதான். மென்ஸா என்று சொல்லும் கல்லூரி உணவகத்தில் உருளைக்கிழங்கும் வெண்ணெயும். அறைக்கு வந்தால் ரொட்டியும் சீஸும். போதாததற்கு அம்மா அனுப்பிய பொரிவிளங்காய் உருண்டை. நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில் நடப்பது எப்படி? வசந்தம் வந்து கனத்த கோட்டைக் கழற்றியபோது ஜீன்ஸின் பொத்தான் சேரவில்லை. மற்ற பெண்களானால் கண்ணாடியைப் பார்த்து வருத்தப்பட்டிருப்பார்கள். எனக்கு அப்பாவின் கால்தான் நினைவுக்கு வந்தது.

அப்பாவுக்குச் சர்க்கரை. நான் பிளஸ் டூ படிக்கும்போது, நாற்று நடவு சமயம், வரப்பில் கிடந்த நத்தை ஓடு அவர் காலைக் கிழித்துவிட்டது. கிழித்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கட்டுப் பிரிக்கும் நாளில் நான் பக்கத்தில் நின்றிருந்தேன். விரல் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் வந்து, "மூணு வேளையும் சோறுன்னா இப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பொத்தான் சேராத வாரமே இங்கே மருத்துவரிடம் போய் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, வெள்ளை அரிசியைக் கொஞ்சம் குறையுங்கள் என்றார். "வேனிகர்" என்றார், குறைவாக என்று அர்த்தம். எவ்வளவு குறைவாக என்று கேட்டேன். அவர் சிரித்துத் தோளைக் குலுக்கினார். உங்களுக்கே தெரியும் என்பது போல இருந்தது அது. எங்கள் ஊர் டாக்டர் என்றால் காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு என்று அதட்டிச் சொல்லி அனுப்புவார். இந்த நாட்டில் என் உடம்பை என்னிடமே ஒப்படைத்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அளவு சொல்லாத குறைவுக்குத் தரை கிடையாது. நான் இறங்கிக்கொண்டே போனேன்.

முதலில் இரவுச் சோறு நின்றது, பிறகு மதியச் சோறு. ரொட்டியும் அரிசியும் ஒன்றுதான் என்று எங்கோ படித்து ரொட்டியையும் விட்டேன். பழத்தில் சர்க்கரை இருக்கிறது என்று அதுவும் போயிற்று. பொட்டலங்களின் பின்பக்க எண்களைக் கடையில் நின்று படிப்பேன், ஒவ்வொன்றும் மிரட்டும். கிளாராவின் தராசில் வெள்ளரிக்காயை நிறுத்துச் சாப்பிட்டேன். உடன் படிப்பவர்கள் அழகாகிவிட்டாய் என்றார்கள். வீடியோவில் பார்த்த அத்தை, "ஃபாரின் போயி நல்லா ஸ்லிம்மாயிட்டடி" என்று சந்தோஷப்பட்டார். தலைமுடி கொத்தாக வந்ததும், டிராமில் நின்றபடியே கண் இருட்டியதும் யாருக்கும் தெரியாது. கண் இருட்டும்போதுகூட, இதுதான் சர்க்கரையோ, வந்துவிட்டதோ என்றுதான் பயந்தேன். பசி என்று தோன்றவே இல்லை. தூங்கப் போகுமுன் கால் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை கிளாரா குளிர்பதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "உன் தட்டு ஒரு வாரமாக அப்படியே இருக்கிறது" என்றாள். அந்தப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு, என்னுடையதில் முட்டை, தயிர், வாடிய கீரை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. கெட்டுப்போனதை வைத்திருக்கிறேன், நாற்றம் அடிக்கிறது, இந்தியப் பெண்ணுக்குச் சுத்தம் தெரியவில்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டி, தட்டைச் சோப்புப் போட்டுத் துடைத்தேன். கிளாரா கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். காலியான தட்டு பளிச்சென்று இருந்தது. பார்க்க எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

மாசியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். ஒரு வருஷம் நல்லபடியாகப் படித்துத் திரும்பினால் என் எடைக்கு எடை அரிசி கொடுப்பதாகக் கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பெருமாள் கோயிலுக்கு அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அறுவடை முடிந்து அரைத்து வந்த எங்கள் சம்பா அரிசிதான். என் எடை அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், போன வருஷம் நான் கிளம்புமுன் பெட்டி கனம் பார்க்க ஊர் ரைஸ்மில் தராசுக்குப் போயிருந்தோம். பெட்டியை இறக்கிய பிறகு விளையாட்டாக நானும் ஏறி நின்றேன். அந்த எடையை அம்மா மறக்கவில்லை. அந்தக் கணக்குக்கு அரிசியைச் சின்னச் சின்னத் துணிப் பைகளில் கட்டி, வெளிநாட்டுச் சாப்பாட்டில் ஒரு சுற்றுப் பெருத்திருப்பேன் என்று ஒரு பை கூடுதலாகவும் கட்டி, நான் வருமுன்பே அடுக்கி வைத்திருந்தாள்.

வந்த அன்று தளர்ந்த சுடிதாரும் அதன்மேல் ஸ்வெட்டருமாக இறங்கினேன். "என்னடி, மூஞ்சி இப்படி ஒட்டிக் கெடக்கு?" என்றாள் அம்மா. குளிர்க் காற்று என்றேன். இலையில் சோற்றைப் பிசைந்து பரப்பி, சாப்பிட்டது போல ஆக்கி மூடிவிட்டேன். மறுநாள் காலை கோயிலுக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டாள். போன வருஷம் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. ஒரு பக்கம் ஊக்குக் குத்தினாள், மறுபக்கம் குத்தினாள், முதுகில் ஒன்று குத்தினாள். குத்தக் குத்த அவள் கை மெதுவாகிக்கொண்டே வந்தது. "டெய்லர் சரியா தைக்கல" என்றாள். கிளம்பும்போது பார்த்தேன், கூடுதலாகக் கட்டிய பையை மட்டும் காரில் ஏற்றாமல் மூலையிலேயே விட்டிருந்தாள்.

துலாபாரத் தட்டில் உட்கார்ந்து சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். எதிர்த் தட்டில் அப்பா பைகளை அடுக்கினார். என் தட்டு மேலே போய் நின்றது, கீழே வரவேயில்லை.

"அரிசி கூடுதலா இருக்குதும்மா. ஒரு பைய எறக்குங்க" என்றார் தராசுக்கு நின்றவர்.

அம்மா ஒன்றை எடுத்தாள். தட்டு அசையவில்லை.

"இன்னொண்ணு எறக்குங்க."

எடுத்தாள். அப்பா சிரிக்கப் பார்த்தார். "மில்லுல சரியாத்தான நிறுத்தோம்? தராசு ஏதும் ஒட்டுதாங்க?"

"தராசு சரியாத்தாங்க இருக்கு" என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னும் எறக்கணும்" என்றார்.

வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "பாவம், புள்ளைக்கு உடம்புக்கு ஏதோ போலருக்கு" என்றார். அம்மா திரும்பி, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, படிக்கிற புள்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த பையை எடுத்துத் தன் காலடியில் வைத்தாள். ஜெர்மனியில் என் சாப்பாட்டை நிறுக்கும்போதெல்லாம் அந்த நீல எண் குறையக் குறைய ஜெயித்தது போல இருந்திருக்கிறேன். எண்ணாகத் தெரிந்தவரை அது எனக்கு உறைக்கவில்லை. இப்போது அதே குறைவு அரிசிப் பைகளாக அம்மாவின் காலடியில் கிடந்தது. அது என் கன்னம், என் தோள், என் இடுப்பு. உயரத்தில் கால் தொங்க, சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்படியே இறக்கிக்கொண்டே போனால் தட்டில் யார் மிஞ்சுவார்கள்? ஒரு வழியாகத் தட்டுகள் சமமானபோது அம்மா சாமியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் வீடு திரும்பினோம். இரண்டு பக்கமும் அறுத்த நெல்லின் தாள் மட்டும் நின்ற வயல்கள். முன்சீட்டில் இருந்த அப்பா திரும்பாமலே கேட்டார்.

"என் காலப் பாத்துத்தான் பயந்து சோத்த விட்டியா?"

ஆமாம் என்றேன்.

"சோறு மட்டும் காரணமில்லம்மா. மாத்திரைய ஒழுங்கா போடல. வரப்புல செருப்பு போடாம நடந்தேன். புண்ண யாருகிட்டயும் காட்டல. இதெல்லாம் உங்கிட்ட சொல்லவே இல்ல பாரு."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள், விரல்கள் சுற்றி வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறின. "நம்ம வயல்ல வெளஞ்சது அது. அதுக்காடி பயந்த?"

"பயமா இருக்கும்மா. இப்பவும் பயமாத்தான் இருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு சின்னப் பிள்ளை போல அழுதேன்.

தஞ்சாவூரில் பார்த்த பெண் டாக்டர் முடிவுகளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். சர்க்கரை சரியாக இருந்தது. ரத்தம் குறைந்து, நாடித் துடிப்பு மெதுவாகியிருந்தது. "வராத நோய்க்கு பயந்து, பட்டினிங்கிற நோய வரவழச்சிருக்க" என்றார். ஒரு கப் சோறு, அதைவிடக் கூடுதலாகக் காய், பருப்போ முட்டையோ மீனோ ஏதாவது ஒன்று, நேரத்துக்குச் சாப்பாடு, அப்புறம் நடை. இத்தனை மாதமாக நான் கேட்டு அலைந்த அளவு இதுதான், இவ்வளவு சாதாரணமாக இருந்தது. "பயத்துக்கும் டாக்டர் இருக்காங்க. அங்க போனதும் மொதல்ல அவங்களப் பாரு" என்றும் சொன்னார். பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் போகவில்லை. சோறு ஆவி பறக்க வந்தால் இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் கிளாராவிடம் சொன்னேன். அவள் குளிர்பதனப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அன்றைக்கு நீ சாப்பிடவில்லையே என்று பயந்துதான் தட்டைப் பற்றிச் சொன்னேன். நீயோ எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாய்" என்றாள். எங்கள் ஊரில் யாரும் இப்படிப் பக்கவாட்டில் கவலைப்பட மாட்டார்கள். ஏன்டி சாப்பிடல என்று நேராக முகத்துக்கு எதிரே கேட்டுவிடுவார்கள். அடுத்தவர் தட்டுக்குள் நேராக நுழையக் கூடாது என்பது இவர்கள் மரியாதை. அந்த மரியாதைக்குள்ளே அக்கறை இருந்தது எனக்குத் தெரியவில்லை. அவள் பாஸ்தாவை நிறுப்பதும் மிச்சம் விழக் கூடாது என்பதற்காகத்தானாம். அவளுக்குத் தராசு கரண்டி போல ஒரு சாமான். இப்போதெல்லாம் அதைத் தன் அறையில் வைத்துக்கொள்கிறாள், நான் கேட்காமலேயே.

கோயிலில் மிஞ்சிய பைகளில் ஒன்றை அம்மா என் பெட்டியில் வைத்து அனுப்பினாள். மற்றவற்றைச் சமைக்கவும் மாட்டாளாம், யாருக்கும் கொடுக்கவும் மாட்டாளாம். என் எடைக்கு என்று வேண்டிக்கொண்டது, என் எடை இன்னும் முழுசாக வந்து சேரவில்லை, ஆகவே வேண்டுதல் பாக்கி. நேற்று தொலைபேசியில், "வண்டு வைக்க ஆரம்பிச்சிடுச்சுடி. வேப்பெல போட்டு வச்சிருக்கேன். எத்தன நாளைக்குத் தாங்கும்? தேறி வந்து சேரு" என்றாள். நான் இங்கே வகுப்புக்குப் போய் வருகிறேன், டிராமில் ஏறுகிறேன். என்னில் ஒரு பங்கு எங்கள் வீட்டு மூலையில் துணிப் பைகளில் கட்டிக் கிடக்கிறது. அது கெட்டுப்போவதற்குள் நான் தேறி ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்று பயமாக இருக்கிறது.

இன்று மாலை அந்த அரிசியை ஒரு கப் அளந்து கழுவினேன். போதும் என்று வைக்கப் போனவள், நின்று, ஒரு கை அள்ளிக் கூடப் போட்டேன்.  பார்த்துக்கொண்டிருந்த கிளாரா, "அது யாருக்கு?" என்றாள்.

"ஒருத்தி வர வேண்டியிருக்கிறது" என்றேன்.

எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து மூன்றாவது தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அவளைத் திருத்தவில்லை. சோறு வெந்துகொண்டிருந்தது.