நிப்பாட்டக் கூடாத ஸ்கூட்டர்

1993 மார்கழி. காலை ஐந்தரைக்குப் புதுக்குடியிருப்பிலிருந்து புறப்பட்டோம். கிளிநொச்சிக்கு நாற்பது கிலோமீற்றர் சொச்சம். வேறு ஊர்களில் இதையெல்லாம் ஒரு பயணம் என்று ஆரும் எழுதமாட்டார்கள். மாரி மழையில், மண்ணெண்ணெயில் ஓடுகிற ஸ்கூட்டரில், பின்னால் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் என்று தெரியும்.

மனைவி பத்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. அவள் தையல்காரி. முதலில் ஊசியில் நூல் கோர்க்கத்தான் என்னைக் கூப்பிட்டாள். பிறகு துணியின் நிறமே பிடிபடவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கண் டொக்டர் அனுமதி கிடைக்கும்போது கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வருவார். போன தடவை வெள்ளத்தால் அவரைத் தவறவிட்டோம். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கு முன் பதிந்தால் கண்ணை வெட்டிப் புரையை எடுப்பார். இல்லையென்றால் அவர் மறுபடி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. பஸ் இரண்டு நாளாக இல்லை.

ஸ்கூட்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். யுத்தத் தடையால் பெற்றோல் வன்னிக்கு வராத காலம். களவாக வருகிற ஒரு போத்தலின் விலைக்கு நல்ல சைக்கிள் ரயரே வாங்கலாம். அதனால் எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் பற்றாது. காபரேற்றருக்குள் இரண்டு சொட்டுப் பெற்றோல் பீய்ச்சி உதைக்கவேண்டும். சூடு ஏறிவிட்டால் பிறகு அது தன்பாட்டில் ஓடும். நிப்பாட்டினால் மட்டும் துலைஞ்சுது. அதனால் வழியில் தெரிந்தவரைக் கண்டாலும் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே கத்திக் கதைப்போம். பெற்றோல் பீய்ச்ச நான் வைத்திருந்தது பத்மாவின் கண் மருந்து முடிந்த பிளாஸ்ரிக் போத்தல்.

"என்ர கண்ணுக்கு விட்டதை விட இதுக்குத்தான் கூட விடுறியள்," என்பாள்.

வள்ளிபுனம் தாண்டும்வரை தூறல்தான். உடையார்கட்டில் தெருவுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. கரையோடு மெல்லமாக விட்டேன். நடுவில் வந்ததும் ஸ்கூட்டர் இருமி நின்றுவிட்டது. தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, அதன் மூடிக்குள் இருந்த ஈரத்தை ஊதி எடுத்தேன். மேலே ஒரு பொலித்தீன் பையையும் சுற்றிக் கட்டினேன். இருந்த பெற்றோல் முழுவதையும் பீய்ச்சி உதைக்க, ஏழாவதோ எட்டாவதோ உதையில் பிடித்தது. போத்தல் காலி. பத்மா ஏறி உட்கார்ந்துகொண்டு, இனிக் கிளிநொச்சி போய்ச் சேருமட்டும் சாமி வந்து மறிச்சாலும் நிக்கக்கூடாது என்று கட்டளை போட்டாள். சரி என்றேன்.

விசுவமடு கழிந்தது. நெத்தலியாற்றுப் பாலமும் கழிந்தது. பத்து மணிக்குத் தருமபுரத்துக்குள் நுழைந்தோம். மழை நன்றாகப் பிடித்திருந்தது. எதிரே பறைச் சத்தம் கேட்டது. ஒரு செத்தவீட்டு ஊர்வலம் தெருவால் வந்துகொண்டிருந்தது. பாடைக்கு மேல் ஒருவர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூத்த மகன் கொள்ளிச்சட்டி நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

நான் ஒதுக்கி, எஞ்சினை நிப்பாட்டி, இறங்கி நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. பிரேதம் வந்தால் நிப்பாட்டி இறங்கி நிற்பதுதான் எங்கள் ஊர்ப் பழக்கம். கை அதை முதலில் செய்துவிட்டது, புத்தி பிறகுதான் வந்தது. பாடை எங்களைத் தாண்டிப் போகும்வரை பத்மாவும் கும்பிட்டபடி நின்றாள். பிறகுதான் மெல்லக் கேட்டாள்.

"நிப்பாட்டிப் போட்டியளோ?"

"ஓம்."

"சரி. பிரேதத்துக்கு முன்னால உறுமிக்கொண்டு போறதே? நானும் விட்டிருக்கமாட்டன்."

ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அப்படிச் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

உதைத்தேன். பிளக்கைக் கழற்றி உதறிவிட்டு மறுபடி உதைத்தேன். மழையில் எஞ்சின் ஆறிப்போயிருந்தது, பற்றவில்லை. பிளக்கைத் தணலில் சூடாக்கிப் பூட்டினால் சில நேரம் மண்ணெண்ணெயிலேயே பிடிக்கும். பக்கத்து வீட்டில் போய் ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லித் தணல் கேட்டேன். அயலில் பிரேதம் கிடந்ததால் காலையிலிருந்து ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை, சுடலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து முழுகிய பிறகுதான் உலை வைப்போம் என்றார்கள். பெற்றோலைப் பற்றிக் கேட்டதும் முகத்தை முகத்தைப் பார்த்தார்கள். பெற்றோல் இருக்கிறவன் அதை இருக்கென்று சொல்லாத காலம். பத்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு வேலியோரம் நின்றாள். நேரம் என்ன என்று அவள் கேட்கவேயில்லை.

அப்போது செத்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். இறந்தவரின் மகள், செல்வி என்று பெயர். மலையகத்திலிருந்து வந்து அங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் கடதாசி அடைத்த ஒரு சின்னப் போத்தல். மணத்திலேயே என்னவென்று தெரிந்தது.

துக்க வீட்டில் இதை எப்படி வாங்குவது, வேண்டாம் தங்கச்சி என்று பின்வாங்கினேன்.

"அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற ட்ராக்டருக்குன்னு வச்சிருந்தோம் ஐயா," என்றாள். "நேத்து வெள்ளத்துல ட்ராக்டர் வரல. இனி எங்களுக்கு எதுக்கு? இந்த அம்மாவயாச்சும் கொண்டுபோங்க."

போத்தலை இரண்டு கையாலும் வாங்கினேன். பத்மா குரல் வந்த பக்கம் கையை நீட்டித் தடவி, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. முரசுமோட்டையில் வயல் எது தெரு எது என்று தெரியாத வெள்ளம். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஓட்டினேன். பரந்தன் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் பதிகிறவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பத்மாவின் கோலத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். அடுத்த நாள் அவளுக்கு ஒரு கண்ணை வெட்டினார்கள்.

தடித்த கண்ணாடி கைக்கு வர மாசி ஆகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு முதலில் எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். தருமபுரம் என்றாள். அப்போது பஸ் ஓடியது. பஸ்ஸில்தான் போனோம்.

செல்விதான் கதவைத் திறந்தாள். என்னைத்தான் அடையாளம் பிடித்தாள். கண்ணாடியோடு நின்ற பத்மாவை அவளுக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. உள்ளே சுவரில் அவளுடைய அப்பாவின் படம் மாலையோடு இருந்தது. பத்மா அதற்குக் கிட்டப் போய், தையலில் பிழை பார்க்கிறவள் போல, கனநேரம் பார்த்தாள். பிறகு திரும்பிச் செல்வியைப் பார்த்தாள்.

"அண்டைக்கு உம்மட குரல்தான் எனக்குத் தெரியும், பிள்ளை. முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றாள். "உமக்கு அப்பான்ர மூக்கு."

செல்வி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். சிரிக்கத்தான் வந்தாள், அழுதுவிட்டாள்.