பௌர்ணமிக்கு மறுநாள் எடுத்த ரத்தம்

2000ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மறுநாள் புதன்கிழமை காலை, திருவண்ணாமலையில் நான் வேலை பார்த்த சிறிய மருத்துவமனையின் லேபில், மாரடைப்பைக் கண்டறிய உதவும் ஒரு கிட்டை முதன்முதலாகப் பிரித்தேன். நாள், கிழமை விஷயத்தில் என் ஞாபகத்தை நான் நம்புவேன். அதிலும் இந்த நாள் மறக்கக்கூடியதல்ல. வேறொரு நாளாக இருந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது.

அந்தக் கிட் அளந்தது மயோகுளோபின் என்ற புரதத்தை. அது தசைக்குள் இருப்பது. தசைக்குச் சேதம் வந்தால் ரத்தத்தில் கசியும். இதயமும் தசைதான். மாரடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இதன் அளவு ஏறிவிடும் என்பதால்தான் எங்கள் டாக்டர் அந்தக் கிட்டைச் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைத்திருந்தார்.

வேலை பொறுமையைக் கேட்பது. வரிசையாகச் சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் இந்தப் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருள் பூசியிருக்கும். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதில் விட்டுக் காத்திருந்து, கழுவி, இரண்டாவது மருந்தை விட்டு, மறுபடி கழுவி, கடைசியில் நிறம் காட்டும் நீரை விட வேண்டும். புரதம் ஜாஸ்தியானால் நிறம் அழுத்தமாக வரும், கம்மியானால் வெளிறியிருக்கும். கழுவுவதில் அசட்டை செய்தால் எல்லாக் குழியும் பொய் சொல்லும். நான் அசட்டை செய்கிறவனில்லை.

கிட்டைப் பிரிக்கக் காரணமானவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி, ஐம்பது வயதைத் தாண்டியவர். நெஞ்சில் பாரமாக இருக்கிறதென்று விடிந்ததும் அவர் மனைவி அழைத்து வந்திருந்தார். இருவரும் உறவினரோடு முந்தின இரவு கிரிவலம் வந்தவர்கள். ஈ.சி.ஜி. நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. அவருக்கோ வீட்டுக்குப் போகும் அவசரம். வாயு என்று தானே முடிவு கட்டிவிட்டிருந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ரத்தமும் வேண்டும் என்று, நர்ஸிடமிருந்தும் என்னிடமிருந்தும் எடுத்தேன். மூன்றையும் சேர்த்தே ஓட்டினேன்.

நோயாளியின் குழி அழுத்தமான மஞ்சளாக வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் பக்கத்தில் நர்ஸின் குழியும் என் குழியும் வெளிறாமல், ஏறக்குறைய அதே மஞ்சளில் நின்றன. சரிபார்ப்பதற்காகக் கிட்டிலேயே வரும், அளவு முன்பே தெரிந்த சீரத்தைப் பார்த்தேன். டப்பாவில் அச்சிட்ட அளவுக்குள் ஒழுங்காக இருந்தது. அளவைக் கணக்கிட வரைபடத்தாளில் போட்ட கோடும் சரியாக விழுந்தது. ஆகவே கிட்டையும் என் கையையும் நான் சந்தேகிக்கவில்லை. மூன்று பேருக்கும் அளவு உண்மையிலேயே ஏறியிருந்தது.

டாக்டர் தாங்கித் தாங்கி நடந்து வந்து தட்டைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, தன் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டபடியே கேட்டார்:

"நேத்து நீங்களும் மலை சுத்தினீங்களா?"

சுற்றினேன் என்றேன். நர்ஸும் சுற்றியிருந்தார், காலையில் மாடிப்படி இறங்கத் தான் பட்ட பாட்டைச் சொன்னார். பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்த தொடையும் கெண்டையும் அந்தப் புரதத்தைக் கசியவிடாமல் என்ன செய்யும்? அது காலிலிருந்து வந்ததா, இதயத்திலிருந்து வந்ததா என்று தட்டுக்குத் தெரியாது. அன்று காலை இந்த ஊரில் பாதிப் பேருடைய ரத்தம் அந்தத் தட்டில் மஞ்சளாகத்தான் வந்திருக்கும்.

ஆக, எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது. டாக்டர் போய் நோயாளியிடம் கேட்டார்.

"முழுசா சுத்திட்டேங்க," என்றார் அவர், சற்று வேகமாகவே.

டாக்டர் முகம் தெளிந்தது. சாயங்காலம் இன்னொரு ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு அனுப்பலாம் என்றார். அதற்குள் இரண்டாவது முறை ரத்தம் எடுக்கச் சொன்னதால் ஊசியோடு கட்டிலருகே போனேன். கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி, தார் ஒட்டிக் கருத்த தன் உள்ளங்காலை மடியில் வைத்துக் கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது, போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கணவரின் பாதங்கள் அவர் முகத்துக்கு நேராக இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்தார். விரலால் குதிகாலைத் தேய்த்தும் பார்த்தார்.

"இன்னாய்யா இது? என் காலப் பாரு, உன் காலப் பாரு. நீ எங்க நடந்த?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லுய்யா."

"செங்கம் ரோடு வரைக்குங்கூட வர முடியல. நெஞ்சு அடைச்சிக்கிச்சி. திரும்பிப் போயி கோபுரத்தாண்ட உக்காந்துக்கினு இருந்தேன். நீங்க வந்ததும் கூட்டத்துல கலந்துக்கினேன்."

பெண்ணின் கல்யாணம் வைகாசியில். அது நல்லபடியாக நடக்க இருவரும் சேர்ந்து சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். பாதியில் நின்றதைச் சொன்னால் மனைவியின் மனம் கலங்கும் என்று மறைத்திருக்கிறார். இரவு முழுக்க அந்த வலியோடு கோபுர வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

நான் ஊசியை வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். நடக்காத காலிலிருந்து அந்தப் புரதம் வந்திருக்க முடியாது. அதற்குமேல் யாரும் எதுவும் யோசிக்கவில்லை. வேலூருக்கு வேன் பேசப்பட்டது. அந்தம்மாள் வேனில் ஏறும்வரை அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் குரல் தணிந்தது.

"கல்யாணத்துக்கு நீ இருந்தாப் போதும்யா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

மாரடைப்புதான் என்று வேலூரில் உறுதி செய்தார்கள். சரியான நேரத்தில் வந்தார் என்றார்களாம். கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. அவரே தாரை வார்த்துக் கொடுத்தார்.

அதன் பிறகு, பௌர்ணமியை ஒட்டி நெஞ்சு வலியென்று யார் வந்தாலும் ஊசி போடுமுன் பாதத்தைப் பார்ப்பது எங்கள் லேபின் வழக்கமாகிவிட்டது. எந்தக் கிட்டின் கையேட்டிலும் இது இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் அந்த விவசாயி மனைவியோடு கொழுப்பு அளவு பார்க்க வந்தார். கையை நீட்டச் சொன்னேன். அவர் முதலில் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினார்.

"நடக்கலங்க," என்றார். "பஸ்ஸுலதான் வந்தேன். அவளையே வேணாலும் கேளுங்க."