நாலடிச் சுவர்

கன்னிவாடிச் சாலையில் புதிதாக ஒரு ரிசார்ட் திறந்திருக்கிறார்களே, போன ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனோம். சாப்பாட்டு அறைச் சுவரோரம் ஒரு தேக்கு அலமாரி. கதவில் செதுக்கிய திராட்சைக் குலையில் அடிப்பழம் மட்டும் உடைந்திருந்தது. அடேயப்பா, அதுவேதான்! எழுந்து ஓடினேன். சூடான பிரியாணியைப் பாதியில் விட்டு எழுந்தவள் திண்டுக்கல்லிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பல வருஷத்துக்கு முந்தைய கதை. டிப்ளமோ முடித்து, ஓர் இன்ஜினீயரிடம் வரைபடம் போடும் வேலையில் நான் சேர்ந்த புதிது. தோல் வியாபாரி ஒருவர் கட்டிய பழைய வீட்டை அவருடைய பேரன்கள் இருவரும் பாகம் பிரிக்கிறார்கள், அளந்து வா என்று அனுப்பினார். என்ன வீடு என்கிறீர்கள்! கட்டிப்பிடித்தால் கை எட்டாத பர்மா தேக்குத் தூண்கள், முகம் தெரியும் சுண்ணாம்புப் பூச்சு. அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது. ஆனால் வெளியே அளந்தால் ஐம்பதடி அகலம், உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் நாற்பத்தாறு. மூன்று முறை அளந்தேன். முதல் வேலையே போச்சு என்று அழுகை வந்துவிட்டது.

மூத்த பேரனின் மனைவி ஹாஜிரா அக்கா சிரித்தார். “ஏன் புள்ள அழுகுற? இங்க வா.” சமையலறையை ஒட்டிய அறையில் அந்த அலமாரியைத் திறந்து, உட்பலகையில் இரண்டு தட்டு தட்டித் தள்ளினார். பின்னால் நாலடி அகலத்தில் நீளமான நடை! கண்ணாடி ஓடு வழியாக வெளிச்சம் வேறு. எனக்குப் புல்லரித்துவிட்டது. பக்கத்து வீட்டில் வாக்கப்பட்ட மகள் தெருவில் இறங்காமல் தாய்வீடு வந்துபோக அந்த வியாபாரி வைத்த வழியாம். அந்தப் பக்கத்து வீடு பிறகு கைமாறி ஸ்டெல்லா டீச்சர் குடும்பத்துக்கு வந்திருந்தது. தட்டிய சத்தம் கேட்டு டீச்சரே வந்து நின்றார், கையில் வெஞ்சனக் கிண்ணத்தோடு.

“இதப் படத்துல போட்றாத தாயி,” என்றார் ஹாஜிரா அக்கா. “எங்க வீட்டு ஆம்பளைக இத மறந்தே போயிட்டாக. படத்துல பாத்தாகன்னா நாலடிக்கு அடிச்சுக்கிட்டு வழிய அடைச்சிருவாக. பெறகு நாங்க ரெண்டு பேரும் எங்க உக்காந்து பேசுறது?”

நடை இருந்த இடத்தில் நாலடி கனத்துக்குச் சுவர் வரைந்தேன். இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா, மலைக்கோட்டையவா அளந்துட்டு வந்த?”

“பழைய வீடு சார். அம்புட்டுக் கனமாத்தான் கட்டியிருக்காக.”

மனசு துள்ளிக் குதித்தது. வீடு இருந்தவரை அந்த வழியும் இருந்தது.

இப்போது இரண்டு வீடும் இல்லை, கடைகள்தான். டீச்சர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஹாஜிரா அக்கா மகனோடு சென்னையில், மூன்றாவது மாடியில்.

ரிசார்ட்டில் அந்த அலமாரியைத் திறந்தேன். உட்பலகையில் இரண்டு தட்டு தட்டித் தள்ளினேன். அசையவில்லை. பரிமாறும் தம்பி ஓடி வந்தான். “என்ன மேடம் வேணும்?”

“நாலடி வேணும்ப்பா,” என்றேன்.